கோடையில் வாடாத காடு

ஆறாம் அத்தியாயம்

"காட்டுல மரம் இல்லன்னு சொன்னவரு ஜெயில்ல இருக்காரு. இருக்குன்னு சொன்னவரு விருது வாங்கிச் சுவத்துல மாட்டியிருக்காரு. நம்ம கேஸுக்கு வாய்க்கிற கட்சிக்காரங்க மட்டும் ஏன்க்கா எப்பவும் ஜெயில் பக்கமே இருக்காங்க?"

வன அலுவலகத்தின் மாடிப்படியில் மூச்சு வாங்கிக்கொண்டே ரேடியோ கேட்டான். லிஃப்டில் 'பழுது' என்று எழுதிய அட்டை தொங்கியது, அந்த அட்டையே பழுதாகி ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. அவனுக்கு ரேடியோ என்று ஏன் பெயர் வந்தது என்பதை யாரும் விளக்க வேண்டியதில்லை. ஐந்து நிமிடம் பக்கத்தில் நின்றால் போதும்.

"விருது வாங்கினவங்க துப்பறியிறவங்களைத் தேடி வர மாட்டாங்கடா," என்றாள் முன்னால் ஏறிக்கொண்டிருந்த கண்ணாடி. "பேசாம ஏறு. மத்தியானம் கோர்ட்டு."

கண்ணாடிக்கு அந்தப் பெயர் மூக்கின்மேல் உட்கார்ந்திருந்த சோடாபுட்டிக் கண்ணாடியால் வந்தது. ஊரிலேயே கெட்டிக்காரத் துப்பறிவாளர் அவள்தான் என்று ரேடியோ போகிற இடமெல்லாம் சொல்லி வைத்திருந்தான். ஊரில் இருந்த ஒரே துப்பறிவாளரும் அவள்தான் என்பதை மட்டும் சொல்லாமல் விட்டுவிடுவான்.

வழக்கு இதுதான். ஒரு வனக்காவலர். தன் சரகத்துப் பள்ளத்தாக்கில் மரங்களை மொட்டையடித்துக் கொண்டுபோய்விட்டார்கள் என்று புகார் எழுதினார். அலுவலகம் வானத்திலிருந்து எடுத்த படத்தை விரித்துப் பார்த்தது. பள்ளத்தாக்கு பச்சைப்பசேல் என்று இருந்தது. மர வியாபாரியை மிரட்டிப் பணம் பறிக்கத்தான் வெட்டாத மரத்தை வெட்டியதாகக் கதை கட்டினார் என்று சொல்லி அவரையே பிடித்து உள்ளே தள்ளினார்கள். நேரில் போய்ப் பார்க்கலாம் என்றால், தீப்பிடிக்கும் பருவம் என்று காட்டுக் கேட்டைப் பூட்டியாகிவிட்டது.

காவலரின் மனைவி தையல்காரி. போன வாரம் கண்ணாடியின் அலுவலகத்துக்கு வந்தபோது கழுத்திலிருந்த அளவு நாடாவைக் கழற்ற மறந்து வந்திருந்தாள். "தப்புன்னு ஒத்துக்கிட்டு மன்னிப்புக் கேட்டா வேலையை மட்டும் பறிச்சுட்டு விட்டுடுவாங்களாம். வீட்டுக்கு வந்துடலாம்னு வக்கீல் சொல்றாரு," என்றாள். "வேலை போனாப் போகட்டும்க்கா. நான் தைச்சுச் சோறு போடுவேன். ஆனா அவரு பொய் சொன்னாருன்னு மட்டும் இருக்கக் கூடாது. எம்பொண்ணை ஸ்கூல்ல பொய்யன் மகள்னு கூப்பிடுறாங்க." அதைச் சொல்லும்போதே அழுதுவிட்டாள். ரேடியோதான் ஓடிப்போய் அவளுக்கு டீ வாங்கிவந்தான்.

பெரிய அதிகாரி அவர்களைச் சிரித்த முகமாக வரவேற்றார். அவர் தலைக்கு மேலே கண்ணாடிச் சட்டத்துக்குள் விருது பளபளத்தது. பக்கத்தில் அதே மலையின் படங்கள் வரிசையாக மாட்டியிருந்தன. வருடா வருடம் பச்சை கூடிக்கொண்டே போயிருந்தது.

"ஒளிக்கிறதுக்கு எங்ககிட்ட என்னம்மா இருக்கு? வானத்துல இருந்து பாக்குற கண்ணுக்கு லஞ்சம் குடுக்க முடியுமா? படம் பாக்குற ரூமுக்குப் போங்க, பையன் காட்டுவான். தாராளமா பாருங்க."

"ரொம்ப நல்லவரா இருக்காரே," என்றான் ரேடியோ வெளியே வந்ததும்.

"பயமே இல்லாதவரா இருக்காரு. அதுதான் உதைக்குது," என்றாள் கண்ணாடி.

---

படம் பார்க்கும் அறையில் எலும்பு நடுங்கும் குளிர். வெளியே வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருக்க, உள்ளே ஒருத்தன் கம்பளி ஸ்வெட்டரைக் கழுத்துவரை இழுத்துவிட்டுக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தான். ஆபீஸ் முழுக்க அவனுக்கு ஸ்வெட்டர் என்றே பெயர்.

"மெஷினுக்குச் சூடு ஆகாதுங்க. அதுக்காகத்தான் ஏசி. எனக்காக இல்ல," என்றான் மூக்கை உறிஞ்சிக்கொண்டே. "எந்த இடம் பாக்கணும்?"

பள்ளத்தாக்கின் படம் திரையில் விரிந்தது. இந்த மாதம் எடுத்தது. ஒரு பொட்டு இடம்கூட வெளுக்காமல் அடர்த்தியான பச்சை. ரேடியோவுக்குத் தையல்காரியின் முகம் நினைவுக்கு வந்தது. இந்தப் படத்தைப் பார்த்துவிட்டு எந்த நீதிபதி அவள் புருஷனை நம்புவார்?

"போச்சுக்கா. கிளம்பலாம்," என்றான்.

கண்ணாடி கிளம்பவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பால் துடைத்தாள். அவள் யோசிக்கிறாள் என்று அதற்கு அர்த்தம்.

"தம்பி, அங்க என்ன மரம்?"

"தேக்குதாங்க பெரும்பாலும். அதோட இன்னும் நாலஞ்சு ஜாதி."

"ரேடியோ, வரும்போது வழியெல்லாம் என்ன புலம்பிட்டு வந்தே?"

"நிழலே இல்லன்னு. வேற என்ன புலம்புறது? ரோட்டோரத்து மரம் பூராவும் குச்சிகுச்சியா நிக்குது. ஒண்ணுலகூட ஒரு இலை..." ரேடியோ அப்படியே நிறுத்தினான். அவன் பேச்சைப் பாதியில் நிறுத்துவது ஊரில் மின்சாரம் போவதைவிட அபூர்வம்.

"அதுவும் தேக்குதானே?"

"ஆமாக்கா. தேக்குதான்."

"கோடையில இலையை உதிர்க்கிற மரம், ரோட்டோரத்துல உதிர்க்குது. பள்ளத்தாக்குல மட்டும் உதிர்க்கலயா? அங்க மட்டும் மழை வாங்கிட்டு வந்து தனியா ஊத்துறாங்களா?" கண்ணாடி திரையில் விரலை வைத்தாள். "இந்த மாசம் இந்த இடம் பழுப்பா இருந்திருந்தா நான் எழுந்து போயிருப்பேன். பச்சையா இருக்கு பாரு, அதான் தப்பு."

ஸ்வெட்டரின் கை மவுஸின் மேலேயே நின்றுவிட்டது.

"அப்ப அங்க பச்சையா இருக்கிறது என்னதாம்மா?" என்றான்.

"நீயே சொல்லேன். மரம் போன இடத்துல முதல்ல என்ன வரும்?"

"உண்ணிச்செடி," என்றான் அவன் மெல்ல. "முள்ளுப்புதர். ஒரு மழை பெய்ஞ்சாப் போதும், கொடியோட சேர்ந்து மூடிரும். கோடையிலயும் சீக்கிரத்துல காயாது."

"வழுக்கைத் தலையில விக் வெச்சு அனுப்பியிருக்காங்க!" ரேடியோ மேஜையைத் தட்டினான். "மேல இருந்து பாக்குறவனுக்கு முடி அடர்த்தியாத்தான் தெரியும்!"

"தொட்டுப் பாக்குற மாதிரி ஏதாவது இருக்கா தம்பி?" என்று கேட்டாள் கண்ணாடி.

ஸ்வெட்டர் கதவைத் திரும்பிப் பார்த்தான். பிறகு வேறொரு படத்தைத் திறந்தான். கறுப்பு வெள்ளை.

"இது ரேடார். கலர் படம் மேல இருக்கிற நிறத்தைத்தான் பாக்கும். இது தட்டிப் பாக்கும். அடிமரம் பருத்து நின்னா வெளுப்பாத் தெரியும், வெறும் புதர்னா இருட்டாத் தெரியும். மாசா மாசம் வருதுங்க. யாரும் திறக்கிறதில்ல. இதைத் திறந்தா பச்சை குறையும். பச்சை குறைஞ்சா மேல இருந்து கேள்வி வரும்."

பள்ளத்தாக்கு முழுக்க இருட்டு. மேட்டைத் தாண்டி அந்தப் பக்கச் சரிவில் மட்டும் வெளுப்பு மிச்சம் இருந்தது. அதன் ஓரத்தைக்கூட யாரோ கடிக்க ஆரம்பித்திருந்தார்கள்.

ரேடியோ நாற்காலியைவிட்டு எழுந்தே விட்டான். "ஜெயிச்சாச்சு! தம்பி, இதை ஒரு பிரிண்ட் போடு. கலர்ல ஒண்ணு, கறுப்புல ஒண்ணு. அந்த விருதுச் சாமிக்கு மத்தியானம் இருக்கு தீபாராதனை. அக்கா, எழுந்திருங்க. அந்தம்மா வெயில்ல காத்துட்டு இருக்கும்."

கண்ணாடி எழுந்திருக்கவில்லை. மறுபடியும் துடைக்க ஆரம்பித்திருந்தாள். ரேடியோவுக்கு அது பிடிக்கவில்லை. வழக்கு முடிந்த பிறகு அவள் துடைத்ததாக அவனுக்கு ஞாபகமே இல்லை.

"தம்பி, புதரையும் காட்டையும் இந்த மெஷினால பிரிச்சுப் பாக்கவே முடியாதா?"

"சொல்லிக் குடுத்தாப் பிரிக்கும்ங்க. மெஷினுக்குத் தானா எதுவும் தெரியாது. நம்ம ஆளுங்க போனை எடுத்துட்டுப் போய், ஒவ்வொரு இடத்துலயும் நின்னு இது காடு, இது புதர், இது பாறை, இது வயல்னு அழுத்துவாங்க. அதைப் பாத்துத்தான் படிச்சுக்கும்."

"அப்படின்னா இந்தப் புதரைக் காடுன்னு யாரோ சொல்லிக் குடுத்திருக்காங்க."

ஸ்வெட்டர் மவுஸை நகர்த்தினான். ஆட்கள் போனில் அழுத்திய இடங்களைத் திரையில் மஞ்சள் புள்ளிகளாகக் கொண்டுவந்தான். மற்ற சரகங்களில் புள்ளிகள் காட்டுக்குள் இறைந்து கிடந்தன. இந்தப் பள்ளத்தாக்கில் மட்டும் கம்பியில் உட்கார்ந்த காக்கைகள் மாதிரி ஒரே வரிசை. வரிசை வளைந்து வளைந்து போனது. ரேடியோ உற்றுப் பார்த்தான். அது ஜீப் ரோடு.

"உள்ளயே போகாம, வண்டியை விட்டு இறங்கி நின்ன இடத்துலயே அழுத்தியிருக்கான்," என்றான். "எந்தப் புண்ணியவான்?"

"ரோட்டோரம் பூரா அந்தப் புதர்தாங்க," என்றான் ஸ்வெட்டர். "இங்க படிச்ச பாடத்தைத்தான் மெஷின் மலை முழுக்க வெச்சுப் பாக்குது. எங்க புதர் வளர்ந்தாலும் அதுக்குக் காடுதான். அதான் வருஷா வருஷம் பச்சை கூடுது." அவன் குரல் இறங்கிவிட்டது. "மரத்தை வெட்ட வெட்டப் பச்சை கூடியிருக்கு."

சுவரில் மாட்டிய படங்கள் ரேடியோவின் கண்முன் வந்து போயின. ஒரு பள்ளத்தாக்கு என்று நினைத்துத்தானே வந்தார்கள்.

"யாரு அழுத்தினதுன்னு வருமா?" என்றாள் கண்ணாடி.

"புள்ளியைத் தொட்டா அடையாள எண் வரும். ஆளோட போட்டோவும் வரும்." தொடுவதற்கு அவனுக்கு மனமில்லை என்பது தெரிந்தது. கண்ணாடியே கையை நீட்டித் தொட்டாள்.

சிறு சதுரத்துக்குள் ஒரு முகம் வந்தது. காக்கித் தொப்பி, கொஞ்சம் கூச்சப்பட்ட சிரிப்பு. தையல்காரி தன் பர்ஸிலிருந்து எடுத்துக் காட்டிய படத்தில் இருந்த அதே முகம்.

---

நீதிமன்ற வராண்டாவில் வனக்காவலர் ஒரு பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். அவரைக் காவல் காத்த போலீஸ்காரர் தூணில் சாய்ந்து கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார். தையல்காரி புருஷனுக்காகத் துவைத்த சட்டை கொண்டுவந்திருந்தாள். அதைப் போட்டிருந்தார். கழுத்தில் இரண்டு விரல் இடைவெளி இருந்தது, அவ்வளவு இளைத்திருந்தார்.

"கிடைச்சுதாக்கா?" என்று ஓடிவந்தாள் அவள்.

கண்ணாடியின் கையில் பிரிண்ட் போட்ட படங்களோடு ஒரு பழுப்பு உறை இருந்தது. "கிடைச்சுது," என்றாள். பிறகு காவலரைப் பார்த்தாள். "அந்தப் புள்ளியெல்லாம் நீங்க வெச்சதுதானே?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். மறைக்க முயலவில்லை.

"ஆமாங்க. சில வருஷம் முன்னாடி புதுசா போன் குடுத்தாங்க. சாயங்காலத்துக்குள்ள எல்லாப் புள்ளியும் வந்தாகணும்னாங்க. ஜீப்புக்கு டீசல் ஒரு நாளைக்குத்தான். உள்ள முள்ளு, நடக்க வழியில்ல. இறங்கி நின்னேன், எதிர்ல பச்சையாத் தெரிஞ்சுது, காடுன்னு அழுத்தினேன். அதுக்குப் பின்னால மரம் இருக்கும்னு நெனச்சேன். எப்பவும் இருந்துதே."

"அப்புறம் உள்ள எப்ப போனீங்க?"

"இந்தக் கோடையிலதான். ஒரு இடத்துல புகை தெரிஞ்சுது. புதரை வெட்டிக்கிட்டே போனேன். கொஞ்ச தூரத்துல தலைக்கு மேல வானம் தெரிஞ்சுது. அந்த இடத்துல வானமே தெரியாதுங்க. கீழ பாத்தா அடிக்கட்டைதான். போகப் போக அடிக்கட்டை." அவர் சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டார். "உடனே வந்து எழுதிக் குடுத்தேன். ஐயா படத்தைத் தூக்கி மூஞ்சில எறிஞ்சாரு. உன் கண்ணு பெருசா, வானத்துக் கண்ணு பெருசான்னு கேட்டாரு. அப்பதான் எனக்கு உறைச்சுது. அந்தக் கண்ணே என் கண்ணுதான்னு."

"ஏங்க, என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலயே," என்றாள் தையல்காரி.

"என்னன்னு சொல்ல?"

ரேடியோவுக்கு இருவரையும் பார்க்க முடியவில்லை. போலீஸ்காரரின் ஷூ லேஸைப் பார்த்துக்கொண்டு நின்றான். திருடனைப் பிடித்தால் அவனைத் திட்டலாம், அடிக்க ஓடலாம். ஒருநாள் சோம்பல்பட்ட மனுஷனை என்ன செய்வது என்று அவனுக்குத் தெரியவில்லை.

தையல்காரி கண்ணாடியின் பக்கம் திரும்பினாள். அழவில்லை. துணியை அளந்துவிட்டு எங்கே வெட்டுவது என்று பார்க்கிற முகமாக இருந்தது.

"இந்தக் கவரைக் காட்டினா என்னக்கா ஆகும்?"

"இவர் எழுதின புகார் உண்மைன்னு ஆகும். மரம் போனது வெளிய வரும். அப்புறம் இத்தனை வருஷமா ஏன் தெரியலன்னு கேப்பாங்க. அதிகாரி புள்ளியைக் காட்டுவாரு. வெட்டினவனோட சேர்ந்துதான் மெஷினை ஏமாத்தினாருன்னு சொல்வாங்க. இல்லன்னு நிரூபிக்க எங்கிட்ட ஒண்ணும் இல்ல. பல வருஷம் உள்ள இருக்க வேண்டி வரும்."

"காட்டலன்னா?"

"புகார் பொய்ன்னு ஒத்துக்கணும். வேலை போகும். இன்னிக்குச் சாயங்காலமே வீட்டுக்கு வந்துடலாம்."

"பொய்யன்னு பேரோட."

"ஆமா. அந்தப் பேரோட."

அதிகாரிக்கு ஏன் பயமே இல்லை என்று ரேடியோவுக்கு இப்போது விளங்கியது. அவருக்கு எல்லாம் முன்பே தெரிந்திருக்கிறது. உண்மையைக் கண்டுபிடிக்கிறவர்கள் அதை வெளியே எடுக்க மாட்டார்கள் என்பதும் தெரிந்திருக்கிறது. ரேடியோவுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது, யார்மேல் காட்டுவது என்றுதான் புரியவில்லை.

"காட்டுங்கம்மா," என்றார் காவலர் திடீரென்று. "மேட்டுக்கு அந்தப் பக்கம் இன்னும் மரம் நிக்குது. இப்படியே விட்டா அதுவும் போயிடும். படம் பச்சையாவே இருக்கும், ஒருத்தனுக்கும் தெரியாது. நான் செஞ்சதுக்கு நான் இருந்துட்டுப் போறேன்."

"இவரு உள்ள போனா அந்த மரம் நிக்குமாக்கா?" தையல்காரி கண்ணாடியின் முகத்திலிருந்து பார்வையை எடுக்கவில்லை. "எனக்காகச் சொல்ல வேணாம். உள்ளதைச் சொல்லுங்க."

துடைக்கக் கையெடுத்த கண்ணாடி, துடைக்காமலே கையை இறக்கினாள்.

"நிக்காதுன்னுதாம்மா நெனைக்கிறேன். விசாரணை முடியிறதுக்குள்ள வெட்டிருவாங்க."

தையல்காரி கையை நீட்டினாள். அவள்தான் கட்சிக்காரி. கண்ணாடி உறையைக் கொடுத்தாள். அதை இரண்டாக மடித்துக் கைப்பைக்குள் வைத்துவிட்டுப் புருஷன் பக்கத்தில் குந்தி, தொளதொளத்த காலரின் மேல் பட்டனைப் போட்டுவிட்டாள்.

"வீட்டுக்கு வாங்க," என்றாள்.

"புள்ளைய ஸ்கூல்ல பொய்யன் மகள்னு கூப்பிடுறாங்கன்னியே."

"ஸ்கூலை மாத்திக்கலாம். அப்பாவை மாத்த முடியாது. வாங்க."

உள்ளேயிருந்து பெயரைக் கூப்பிட்டார்கள்.

"அக்கா, அந்தத் தம்பிகிட்டச் சொன்னா இன்னொரு பிரிண்ட் போட்டுத் தருவான்," என்றான் ரேடியோ கிசுகிசுப்பாக. "யாருக்காவது அனுப்பலாம்."

"யாருக்கு?" என்றாள் கண்ணாடி. "மாசா மாசம் அந்தப் படம் அந்த ரூமுக்கு வருதுடா. யார் வேணும்னாலும் திறந்து பாத்திருக்கலாம்."

நீதிமன்ற அறையில் மின்விசிறி கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. பெரிய அதிகாரி முன்வரிசையில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். மர வியாபாரி வரவே இல்லை, வக்கீலை மட்டும் அனுப்பியிருந்தான். ரேடியோவும் கண்ணாடியும் கடைசி பெஞ்சில், தையல்காரிக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்தார்கள். அவள் கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்திருந்தாள்.

நீதிபதி காகிதத்திலிருந்து தலையைத் தூக்காமலே கேட்டார். "நீர் கொடுத்த புகார் பொய்யானது என்று ஒப்புக்கொள்கிறீரா?"

"ஒத்துக்கிறேங்கய்யா."

"அந்தப் பள்ளத்தாக்கில் மரம் வெட்டப்பட்டதா?"

காவலர் திரும்பிப் பார்த்தார். அதிகாரியை அல்ல, மனைவியை. அவள் தலையை அசைக்கவில்லை. கண்ணை மட்டும் எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இல்லீங்கய்யா," என்றார். "எல்லா மரமும் நின்ன இடத்துலயேதான் நிக்குது."

தட்டச்சு செய்துகொண்டிருந்த அம்மாள் கையை நிறுத்திவிட்டு மின்விசிறியை ஒருமுறை அண்ணாந்து பார்த்தாள். "காதுல விழல. பதிவாகணும். கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க."

அவர் அதையே இன்னொரு முறை சத்தமாகச் சொன்னார்.